வீட்டு ஜிம்: நாமே செய்வதா, பட்டறையில் அடிப்பதா, கடையில் வாங்குவதா?

பெங்களூரில் வீட்டிலேயே எடைப்பயிற்சி தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சாமான்களை எந்த வழியில் சேர்ப்பது? யூடியூபில் ஒருவர் சிமென்ட் குழைத்து டம்பெல் வார்க்கிறார். பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை போலத்தான் இருக்கிறது. தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சிக்குக் கம்பியைத் தாங்குகிற ஸ்டாண்டைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் கேட்டால், "ஸ்குவாட் ஸ்டாண்டா? போட்டோ காட்டுங்க சார், அடிச்சிடலாம்" என்கிறார் மேஸ்திரி. ஆன்லைனில் 50 கிலோ 'ஹோம் ஜிம் செட்' தள்ளுபடியில் கிடக்கிறது. அதற்குள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், ஊர் மாறிப் போகிற யாரோ ஒருவர் பெஞ்ச், பார்பெல் கம்பி, அதில் மாட்டும் எடைத் தட்டுகள் விற்பனைக்கு என்று படம் போடுகிறார். நான்கு வழியும் திறந்திருக்கிறது. எதிலும் கால் வைக்காமல் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அந்த வழியிலேயே வாங்கிவிட நினைப்பதால்தான் முடிவு எடுக்க முடியாமல் போகிறது. பொருளுக்குப் பொருள் விடை மாறும். மணல்மூட்டையைக் காசு கொடுத்து வாங்குவது வீண். பார்பெல் கம்பியை நாமே செய்வது ஆபத்து. இரண்டுக்கும் நடுவே இருக்கிற பொருட்களுக்குத்தான் யோசனை தேவை.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. அதற்கு ஒரு முழு ஜிம் வேண்டியதில்லை. தள்ள, இழுக்க, உட்கார்ந்து எழ, தரையிலிருந்து தூக்க, சுமந்து நடக்க என்று இந்த ஐந்துக்கும் வீட்டில் ஏதோ ஒன்று இருந்தால் போதும். பட்டியலை இப்படிச் சுருக்கிக்கொண்டால் செலவு பாதியாகிவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

உடைந்தால் எங்கே விழும்? என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. விலைகூட இதற்குப் பின்னால்தான். மணல்மூட்டை கிழிந்தால் மணல் கொட்டும், கூட்டி அள்ளலாம். பெஞ்சில் படுத்துக் கம்பியை நெஞ்சுக்கு மேலே பிடித்திருக்கும்போது பெஞ்சின் கால் மடங்கினால்? புல்-அப் கம்பியில் தொங்கும்போது ஆங்கர் போல்ட் சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்தால்? எடைக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவே நிற்கிற எதிலும் துணிந்து சோதனை செய்து பார்க்க இடமில்லை.

வீடு யாருடையது, சுவர் எப்படிப்பட்டது? பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அட்வான்ஸ் பெரிய தொகை. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். சுவரில் நான்கு துளை, தரையில் இரண்டு உடைந்த டைல்ஸ் என்றால் பேச்சு இன்னும் நீளும். சுவரின் வகையும் முக்கியம். பழைய செங்கல் சுவரும் சாலிட் பிளாக் சுவரும் ஆங்கர் போல்ட்டை ஓரளவு தாங்கும். ஹாலோ பிளாக்கிலும், புதிய அபார்ட்மென்ட்களில் வைக்கிற எடை குறைந்த ஏஏசி கற்களிலும் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது. தட்டினால் உறுதியாக நிற்பது போலிருக்கும், ஆடி ஆடி இழுத்தால் பெயர்ந்துவிடும். முழுக்க கான்கிரீட்டாலேயே வார்த்த சுவராக இருந்தால் நன்றாகத் தாங்கும், ஆனால் துளை போட ஹேமர் டிரில் வேண்டும், குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் வேண்டும்.

தரை தாங்குமா? மாடி வீட்டுக்காரர்களின் பயம் இது. இந்தியத் தர விதி ஐஎஸ் 875, குடியிருப்பு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் 150 கிலோ இரும்பை அடுக்கி வைப்பதால் தளம் இறங்கிவிடாது. எடையை மேலிருந்து போடுவதுதான் பிரச்சினை: டைல்ஸ் விரியும், கீழ்வீட்டுக்காரர் இரண்டாம் நாளே மேலே ஏறி வருவார்.

கிலோவுக்கு என்ன விலை? தட்டு, டம்பெல், மூட்டை எதுவானாலும் மொத்த விலையைக் கிலோவால் வகுத்துப் பாருங்கள். தள்ளுபடி விளம்பரம் மறைப்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும்.

எடை கூட்ட முடியுமா? உடம்பு பழகப் பழக எடை ஏற வேண்டும். 8 கிலோவில் நின்றுபோகிற சிமென்ட் டம்பெல் சீக்கிரமே கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் உதவும்.

## நாமே செய்வது

இந்த வழியில்தான் எனக்கு மிகவும் ஆசை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மணல்மூட்டையை மிஞ்ச எந்தக் கடைப் பொருளும் இல்லை. காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோ, 15 லிட்டர் மணல் என்றால் 24 கிலோ. பெங்களூரில் இப்போது கட்டட வேலைக்கு வருவது பெரும்பாலும் எம்-சாண்ட். அதில் மாவு போன்ற தூசி அதிகம், அப்படியே கட்டினால் தையல் வழியாக வீடெல்லாம் பறக்கும். கழுவி, மாடியில் நன்றாகக் காயவைத்து, 5 கிலோ 5 கிலோவாகத் தடித்த பிளாஸ்டிக் பைகளில் இரட்டையாகப் போட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வெளியே ஒரு பழைய கான்வாஸ் பை. எடை கூட்ட வேண்டுமா, இன்னொரு சிறுபையை உள்ளே தள்ளினால் ஆயிற்று. லாரி டயர் டியூபை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டினால் அதைவிட முரட்டு மூட்டை கிடைக்கும். பஞ்சர் கடையில் ஒட்டுப் போட முடியாமல் ஒதுக்கிய டியூப்கள் கிடக்கும். அணைத்துத் தூக்க, தோளில் போட்டு உட்கார்ந்து எழ, சுமந்து நடக்க என்று மூன்று வேலைக்கு ஒரே பொருள். ஊரில் இளவட்டக்கல் தூக்கியவர்கள் செய்ததும் இந்தப் பயிற்சிதான்.

மணல் கிடைக்காதவர்களுக்குத் தண்ணீர் கேன். 20 லிட்டர் கேன் நிரம்பினால் கேனோடு சேர்த்து 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உள்ளே தண்ணீர் அலையும்போது உடம்பை நேராக வைத்திருக்கவே தனி உழைப்பு வேண்டும். அதே கேனில் மணலைக் கொட்டினால் 32 கிலோ ஆகிவிடும். பிளாஸ்டிக் கைப்பிடியை நம்பி அதைத் தூக்காதீர்கள்.

கர்லாக்கட்டையும், கழியின் முனையில் கனமான உருண்டை வைத்த கதையும் (கதாயுதம்) நம்ம பக்கத்துச் சொத்து. பெங்களூர் பேட்டைப் பகுதிகளில் கரடிமனை என்கிற பழைய மல்யுத்தக் கூடங்கள் இன்னும் சில இருக்கின்றன. அங்கே சுற்றுவதும் இவற்றைத்தான். கதை செய்வது எளிது: ஒரு பழைய பந்தை அச்சாக வைத்து, முற்றிய மூங்கில் கழியின் முனையில் நான்கைந்து ஆணி அடித்து, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் பந்தை உரித்துவிடலாம். தோளுக்குப் பழக்கமில்லாதவர்கள் 3, 4 கிலோவில் தொடங்கினால் போதும். ஒவ்வொரு முறையும் சுற்றுவதற்கு முன்னால் தலைப்பகுதி ஆடுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கழன்றால் அது எறிகுண்டு மாதிரி பறக்கும். கர்லாக்கட்டையை மரக் கடைசல்காரரிடம் கொடுத்து ஒரே கட்டையில் கடைந்து வாங்குவது நல்லது. கடைசல் மரப் பொம்மைகளுக்குப் பெயர்போன சென்னபட்ணா மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரே மரத்தில் கடைந்ததில் கழன்று பறக்கிற தலை என்ற பேச்சே இல்லை.

இனி எல்லோரும் கேட்கிற சிமென்ட் தட்டு. கான்கிரீட் லிட்டருக்குச் சுமார் 2.4 கிலோ, வார்ப்பிரும்பு 7.2 கிலோ. எடை ஒன்றாக இருந்தாலும் கான்கிரீட் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். 36 செ.மீ. அகலமும் 4 செ.மீ. தடிப்பும் உள்ள வட்டு 10 கிலோவை ஒட்டி வரும். 20 கிலோ வேண்டுமென்றால் போட்டித் தட்டின் அகலமான 45 செ.மீ. வைத்தும் 5 செ.மீ.க்கு மேல் தடிப்பு. கம்பியின் முனையில் இடம் சீக்கிரமே தீர்ந்துவிடும். நடுவில் கோழிவலை வைத்து, சிறு ஜல்லி கலந்து ஊற்றி, குறைந்தது 10 நாளாவது ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் ஓரம் உதிரும். ஒரே அச்சில் வார்த்த இரண்டு தட்டும் ஒரே எடையில் அமையாது. 50 கிலோ சிமென்ட் மூட்டை 400 ரூபாயை ஒட்டிய விலைதான், பண அளவில் இதைவிட மலிவு கிடையாது. ஆனாலும் தட்டுக்கு இது எனக்குப் பிடித்த வழி இல்லை. கைப்பிடி வைத்து ஒரு கனத்த கட்டியாக வார்த்து, தூக்கி நடக்க வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கான்கிரீட் பிரமாதம்.

ஏறிக் குதிக்கிற பெட்டியைச் செய்துகொள்ளலாம். 8-க்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒரே தாளில் 20, 24, 30 அங்குலம் என்று மூன்று உயரத்துக்குத் திருப்பி வைக்கும் பெட்டி வந்துவிடும். தாளை வாங்குகிற கடையிலேயே அளவு சொல்லி வெட்டி வாங்கினால் வீட்டில் வேலை திருகாணி முடுக்குவது மட்டும். குறுக்கே உள்ளே ஒரு தடுப்புப் பலகை வைக்க மறக்காதீர்கள்.

புல்-அப் கம்பி எல்லைக்கோட்டில் நிற்கிற பொருள். 1 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் வெளி அகலம் 33 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், கைப்பிடிக்குச் சரியான அளவு. நீலப் பட்டை போட்ட 'பி' கிளாஸ் குழாய், தாங்கல்களுக்கு நடுவே 1 மீட்டருக்குள் இருந்தால் 80 கிலோ ஆள் ஆடிப் பிடிப்பதைத் தாங்கும். இடைவெளி 2 மீட்டர் என்றால் அதே குழாய் வளையத் தொடங்கும். மரையுள்ள எல்போ, ஃபிளாஞ்ச் எல்லாம் பிளம்பிங் கடையில் கிடைப்பதால் வெல்டிங்கே தேவைப்படாது. சுவர் மட்டும் நல்ல சுவராக இருக்க வேண்டும். மொட்டை மாடித் தளத்தில் துளை போட்டு நட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீர் கசியாமல் போட்ட அடுக்கு கிழிந்தால் அடுத்த மழைக்குக் கீழே ஒழுகும்.

இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவு, கருவிகள். டிரில், ஹேக்ஸா, சுத்தியல் வீட்டில் இருந்தால் சரி. எல்லாவற்றையும் புதிதாக வாங்கித் தொடங்கினால் மிச்சம் பிடிக்க நினைத்த பணம் அதற்கே போய்விடும்.

## வெல்டிங் பட்டறையில் அடிப்பது

பெங்களூரில் கிரில், கேட் அடிக்கிற பட்டறை இல்லாத பகுதி கிடையாது, பல இடங்களில் தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம். கொஞ்சம் நுணுக்கமான வேலை என்றால் பீன்யா பக்கம் லேத், டிரில்லிங் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஸ்குவாட் ஸ்டாண்ட், தரையில் நிற்கிற புல்-அப் சட்டகம், கைகளை ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கும் டிப் கம்பிகள், தட்டுகளை மாட்டி வைக்கும் ஸ்டாண்ட் ஆகிய நான்குக்கும் பட்டறை நல்ல தேர்வு. உங்கள் உயரத்துக்கும் அறைக்கும் அளவெடுத்த மாதிரி அமையும்.

கேட் அடிக்கிறவருக்கு ஸ்குவாட் ஸ்டாண்ட் என்ன என்று தெரியாது, அளவுகளை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். "நல்லா ஸ்ட்ராங்கா அடிங்க" என்று சொல்லிவிட்டு வந்தால், ஜன்னல் கிரில்லுக்கு வாங்கி வைத்த மெல்லிய 16 கேஜ் குழாயில்தான் வேலை நடக்கும். நான் எழுதித் தரச் சொல்வது இவை:

- நிற்கும் தூண்கள் 50×50 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. தடிப்பு, அதாவது 11 கேஜ். மீட்டருக்குச் சுமார் 4.3 கிலோ வரும். இரண்டு முழு நீளக் குழாய், 12 மீட்டர் போனால் இரும்பு மட்டும் 50 கிலோவைத் தாண்டும். விலை கேட்கும்போது அந்த எடையை வைத்துக் கேளுங்கள்.
- ஒலிம்பிக் கம்பியில் (50 மி.மீ. துளைத் தட்டு மாட்டும் முழு அளவு பார்பெல்), தட்டு வந்து நிற்கும் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே உள்ள நீளம் 1310 மி.மீ. ஸ்டாண்டின் வெளி அகலம் 1200 மி.மீ.யை ஒட்டி இருந்தால்தான் கம்பி சரியாக உட்காரும். உங்களிடம் இருப்பது 5 அடிக் கம்பி என்றால் இந்த அளவு பொருந்தாது. முதலில் கம்பியை முடிவு செய்யுங்கள், பிறகு ஸ்டாண்ட்.
- அடித்தளம் முன்னும் பின்னுமாக 1.2 மீட்டர். இதைச் சுருக்கினால் சாயும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள், ஏறித் தொங்குவார்கள்.
- கம்பி உட்காரும் கொக்கிக்குக் கீழே, இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கைகள். தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கு இதுதான் துணைக்கு நிற்கிற ஆள்.
- எல்லா மூட்டும் சுற்றிலும் முழு வெல்டிங். நான்கு இடத்தில் பொட்டு வைத்து விடுவது கூடாது.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். அடித்த பிறகு நல்ல வெல்டிங்கும் ஓட்டை வெல்டிங்கும் ஒரே மாதிரிதான் தெரியும். அப்புறம் ரெட் ஆக்சைடு, மேலே எனாமல். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நீங்கள் தூக்கப்போகிற எடையைப்போல் ஒன்றரை மடங்கை ஏற்றி ஒரு இரவு விட்டுவைத்து, காலையில் தூண் நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம் அந்த வெல்டருக்காக. துருப்பிடிக்காது என்று ஜி.ஐ. குழாயைக் கொண்டுபோய் வெல்டிங் செய்யச் சொல்கிறார்கள். மேல்பூச்சில் உள்ள துத்தநாகம் எரிந்து வரும் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். பூச்சு இல்லாத சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) குழாயே கொடுங்கள், பெயின்ட் துருவைப் பார்த்துக்கொள்ளும்.

பட்டறையில் செய்யவே கூடாத பொருள் பார்பெல் கம்பி. 28 மி.மீ. எம்.எஸ். கம்பி மீட்டருக்கு 4.8 கிலோ, வெட்டி முனையில் குழாய் செருகினால் பார்க்க பார்பெல் மாதிரியே இருக்கும். சாதாரண இரும்பு ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். உண்மையான கம்பி வேறு வகை எஃகு, வளைந்து நேராகத் திரும்பும். அதன் முனைகள் தனியாகச் சுழல்வதால்தான் எடையின் முறுக்கு மணிக்கட்டில் இறங்குவதில்லை. பெஞ்சின் சட்டகத்தைப் பட்டறையிலும், மெத்தையை ஜே.சி. ரோடு சீட் கவர் கடையிலும் செய்து சேர்த்தவர்கள் உண்டு. சாய்வு மாறாத தட்டையான பெஞ்ச் என்றால் சரி. சாய்வு மாற்றுகிற பெஞ்சைப் பட்டறையில் கேட்காதீர்கள். அதன் பூட்டு விலகினால் முதுகும் கம்பியும் சேர்ந்து இறங்கும்.

மறைந்திருக்கும் செலவு: வண்டிக்கூலி, இரண்டு மூன்று நடை, வீடு மாறும்போது படியில் ஏறாத அளவு. போல்ட் போட்டுப் பிரிக்கிற மாதிரி செய்யச் சொன்னால் கொஞ்சம் கூடுதல் கூலி ஆகும். வாடகை வீட்டுக்காரர்கள் அந்தக் கூலியைத் தயங்காமல் கொடுக்கலாம்.

## புதிதாக வாங்குவது

மீரட், ஜலந்தர் பக்கம் செய்கிற தட்டும் கம்பியும்தான் நம்ம சந்தையில் பெரும்பாலும் வருகின்றன. டெகாத்லான் போன்ற கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம், அது பெரிய வசதி. கம்பியைக் கூடியவரை புதிதாக வாங்குங்கள். சாய்வு மாற்றும் பெஞ்ச், எலாஸ்டிக் பேண்ட், கயிறு மாட்டும் காராபைனர் கொக்கி ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். கொக்கியில் எத்தனை கிலோ நியூட்டன் தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும். சாவிக்கொத்துக் கொக்கியில் தொங்கக் கூடாது.

எச்சரிக்கை வேண்டியது அந்த மலிவு 'செட்'டில். பி.வி.சி. தட்டு என்று வருவதில் பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவைதான் இருக்கும். சிமென்ட்டுக்கு இரும்பின் விலையைக் கொடுக்காமல் கிலோக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெஞ்ச் 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் உங்கள் உடம்பும் அதில் அடக்கம். 80 கிலோ ஆளுக்கு மிச்சம் 70தான். கம்பியின் அளவும் இரண்டு வகை. 28, 30 மி.மீ. துளைத் தட்டு ஒரு வகை, 50 மி.மீ. ஒலிம்பிக் துளை இன்னொரு வகை. சிறு துளைச் செட்டை வாங்கிவிட்டுப் பின்னால் பெரிய கம்பிக்கு மாறினால் தட்டெல்லாம் மறுபடியும் வாங்க வேண்டும். நீண்ட காலம் தொடர நினைப்பவர்கள் முதல் தட்டையே 50 மி.மீ. துளையில் வாங்கிவிடுவது நல்லது.

## பழையது வாங்குவது

பெங்களூர் மாதிரி ஊரில் இது தங்கச் சுரங்கம். வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறவர்கள் மாதம் தவறாமல் இருக்கிறார்கள், கனமான பொருளை யாரும் கூடவே கொண்டுபோக விரும்புவதில்லை. மாதக் கடைசி சனி, ஞாயிறில் ஓஎல்எக்ஸையும் அபார்ட்மென்ட் குழுக்களையும் பாருங்கள். மூடுகிற ஜிம்களும் மொத்தமாக விற்கும்.

இரும்புத் தட்டு கெட்டுப்போகாத பொருள். மேலே துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ஒரு கோட் பெயின்ட். அதனால் தட்டைப் புதிதாக வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. லக்கேஜ் எடை பார்க்கிற கைத்தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். 10 என்று எழுதிய தட்டு ஒன்பதரை காட்டுவது சகஜம், ஜோடி ஒத்துப்போனால் போதும். கம்பியைத் தரையில் உருட்டிப் பாருங்கள்; நடுப்பகுதி ஏறி இறங்கினால் வளைந்த கம்பி, விட்டுவிடுங்கள். பெஞ்சில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள், வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். புதிதின் விலையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பழைய இரும்பு விற்கிற ஜாலி மொஹல்லா குஜரிக் கடைகளையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். மின்தராசு வந்தபிறகு கடைகள் கழித்துவிட்ட, கைப்பிடி வைத்த 10, 20 கிலோ எடைக்கல் கண்ணில் பட்டால் பேரம் பேசி வாங்குங்கள். அதில் எடை பற்றிச் சந்தேகமே வேண்டாம், வியாபாரத்துக்கு முத்திரை போட்டது.

செலவில் மறப்பது வண்டி. வைட்ஃபீல்டிலிருந்து ராஜாஜிநகருக்குக் குட்டியானை வைத்தால் கூலியைப் பொருளின் விலையோடு சேர்த்துத்தான் லாபமா என்று பார்க்க வேண்டும். உங்கள் பகுதியிலேயே கிடைத்தால் காருக்குள் நாலு நடை போதும்.

## ஒரே பார்வையில்

| பொருள் | என் தேர்வு | காரணம் |
|---|---|---|
| மணல்மூட்டை, கதை, குதிக்கும் பெட்டி | நாமே | உடைந்தாலும் ஆபத்து குறைவு (கதையின் தலை ஆடுகிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்). கடை விலை அநியாயம் |
| கர்லாக்கட்டை | கடைசல்காரர் | ஒரே மரம், உங்கள் கைக்கு அளவு |
| புல்-அப் கம்பி | நல்ல சுவர் என்றால் நாமே. இல்லையென்றால் பட்டறைச் சட்டகம் | சுவர்தான் தீர்மானிக்கும் |
| ஸ்குவாட் ஸ்டாண்ட், டிப் கம்பி | பட்டறை | அளவு நம் கையில், இரும்பு தடிப்பாகக் கிடைக்கும் |
| பார்பெல் கம்பி | புதிது, அல்லது உருட்டிப் பார்த்த பழையது | எஃகின் தரம் |
| சாய்வு பெஞ்ச் | புதிது | பூட்டு நம்பகமாக வேண்டும் |
| தட்டு, டம்பெல் | பழையது | இரும்பு கெடாது |
| தரை விரிப்பு | மாட்டுத் தொழுவ ரப்பர் பாய் | அழுந்தாது, பல வருடம் உழைக்கும் |

கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிம் பாய் என்று விற்கிற வண்ண ஈ.வி.ஏ. நுரைத் துண்டுகள் யோகாவுக்குச் சரி. கனமான எடை பட்டால் குழிவிழும். பால் பண்ணைகளில் மாடு நிற்கப் போடுகிற ரப்பர் பாய் அரை அங்குலத்துக்கு மேல் தடிப்பு, கனம், நகராது. கோலார், ஓசூர் பக்கம் கால்நடைப் பொருள் கடைகளில் கிடைக்கும். ரப்பர் வாசனை போக ஒரு வாரம் மாடியில் விரித்துப் போடுங்கள்.

## யாருக்கு எது

பி.ஜி.யில் அல்லது பகிர்ந்த அறையில் இருப்பவர்கள். தட்டும் கம்பியும் இப்போது வேண்டாம். ஒரு மணல்மூட்டை, இரண்டு எலாஸ்டிக் பேண்ட், கதவு நிலை மரமாக இருந்தால் அதில் மாட்டும் கம்பி. பி.வி.சி. நிலையில் மாட்டாதீர்கள். அறை மாறும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்துக் கொண்டுபோகலாம். பிட்டிஎம், மாரத்தஹள்ளி அறைகளில் இருக்கும் தம்பிகளுக்கு இதுவே தாராளம்.

வாடகை அபார்ட்மென்ட், மேல்மாடி. பழைய டம்பெல், தட்டு, புதிய பெஞ்ச், இரண்டு மாட்டுப் பாய். சுவரில் கை வைக்காமல், பிரித்து மாட்டும் புல்-அப் சட்டகத்தைப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். தரையிலிருந்து தூக்கும் பயிற்சியில் எடையை மெதுவாக இறக்கப் பழகினால் தசைக்கும் நல்லது, கீழ்வீட்டு உறவுக்கும் நல்லது. நின்றபடி தலைக்கு மேல் தூக்குபவர்கள் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். 6 அடி ஆள் கையை உயர்த்தித் தட்டோடு பிடித்தால் 8 அடியைத் தாண்டும். விசிறிக்கு நேர்கீழே அந்தப் பயிற்சியை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சொந்த வீடு, தரைத்தளம். அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம் மாதிரி பகுதிகளில் சொந்தமாகச் சின்ன வீடு வைத்திருப்பவர்களுக்குத்தான் பட்டறை வழி முழுப் பலன் தரும். ஸ்டாண்டை அளவெடுத்து அடித்துக்கொண்டு, 50 மி.மீ. துளையில் ஒரு நல்ல கம்பியை வாங்கி, தட்டுகளை மாதத்துக்கு ஒரு ஜோடியாகப் பழையதில் சேருங்கள். கார் நிறுத்தும் இடத்தில் வைத்தால் சாரல் படாமல் தார்ப்பாய் போட வேண்டும். கம்பியில் வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு. இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். படி ஏற, தரையிலிருந்து எழ, கீழே விழாமல் இருக்கத் தசை வலு மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். இதில் எதையும் செய்யவோ அடிக்கவோ வேண்டாம். சுவரோடு ஒட்டிய, கை வைத்த கனமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது; மெல்லிய பேண்ட் ஒன்று; 1 கிலோ, 2 கிலோ டம்பெல் ஜோடி. பிரஷர், மூட்டுவலி, இதயத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். பழைய டியூபை வெட்டிப் பேண்ட் செய்து அவர்களிடம் கொடுக்காதீர்கள். வெடிப்பு விட்ட ரப்பர் அறுந்து முகத்தில் அடிக்கும். புதிய பேண்டின் விலை ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டை விட அதிகம் போகாது. அதையும் மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் இழுத்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.